எஞ்சின் நின்றாலும் விழாத விமானம்
ஸ்பெயின் தேசத்து சியெர்வாவின் வாழ்க்கை

பழனி மலைத்தொடரின் மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறு பக்கம் அடர்ந்த சோலைக்காடு. எதிரே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். அந்த நேரத்தில் எஞ்சின் திடீரென்று நின்றுவிடுகிறது. என்ன ஆகும்?

சாதாரண விமானத்துக்காவது இரண்டு பக்கமும் சிறகு இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் பருந்தைப் போலக் கொஞ்ச தூரம் மிதந்து வரும். ஹெலிகாப்டருக்குச் சிறகு ஏது? தலைக்கு மேலே ஒரு விசிறிதான் உண்டு. அதைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் கல்லைப் போல் விழவேண்டியதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள்.

அப்படி அல்ல. போதிய உயரமும், இறங்குவதற்கு ஓர் இடமும், தேர்ந்த விமானியும் இருந்தால், எஞ்சின் உதவி இல்லாமலே ஹெலிகாப்டரைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிடலாம். ராணுவ ஹெலிகாப்டர் விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம். இதைக் கற்றுக்கொள்ளாமல் அவர்கள் சட்டையில் விமானிச் சின்னம் ஏறாது.

இந்த வித்தைக்கு வழி கண்டவர் ஹெலிகாப்டர் செய்தவர் அல்ல. ஹெலிகாப்டரையே அவர் விரும்பவில்லை! அவர்தான் ஸ்பெயின் தேசத்து எஞ்சினீயர் ஹுவான் டி லா சியெர்வா. உலகத்தின் விமானிகளுக்கு ஆபத்தில்லாமல் இறங்கும் வழியைத் தந்த அவர், 41 வயதில் ஒரு விமான விபத்தில் மாண்டுபோனார்.

மந்திரி வீட்டுப் பிள்ளை

1895 செப்டம்பர் 21-ந் தேதி ஸ்பெயினின் தென்கிழக்கே உள்ள முர்சியா நகரில் சியெர்வா பிறந்தார். தந்தை பெரிய வக்கீல், அரசியல்வாதி. பின்னாளில் பல முறை மந்திரி பதவி வகித்தவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை.

தாயைப் பெற்ற தாத்தா ரிகார்டோ கொதோர்னியு வேறு விதமான மனிதர். அவர் வனத்துறை எஞ்சினீயர். முர்சியாவை அடுத்த எஸ்புன்யா மலை மரங்களை இழந்து மொட்டையாகிக் கிடந்தது. மழை பெய்தால் மண் சரிந்து வெள்ளமாக ஓடிற்று. அந்த மலையில் மரம் நட்டு, அதை மறுபடியும் காடாக்கிக் காட்டியவர் அவர். ஸ்பெயினில் அவரை மரங்களின் தொண்டர் என்று கொண்டாடுகிறார்கள்.

மரங்களுக்கும் பேரனின் கண்டுபிடிப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட மலையடிவாரங்களில் தணக்கு என்று ஒரு மரம் வளர்கிறது. அதன் காய்க்கு இரண்டு நீண்ட இறக்கைகள். கிளையிலிருந்து கழன்றதும் அது நேரே விழுவதில்லை. பம்பரம் போலச் சுழன்று சுழன்று, காற்றில் மிதந்து, மெதுவாக இறங்குகிறது. அதைச் சுற்றுவதற்கு எந்த யந்திரமும் இல்லை. அது கீழே இறங்கும்போது எதிர்ப்படும் காற்றே அதைச் சுற்றுகிறது. தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் ஜைரோகார்ப்பஸ். கிரேக்க மொழியில் சுழலும் காய் என்று பொருள். சியெர்வா தம் விமானத்துக்குச் சூட்டிய பெயர் ஆட்டோஜைரோ. தானே சுழல்வது என்று பொருள். இயற்கை வைத்திருந்த வித்தையை அவர் யந்திரத்தில் கொண்டுவந்தார்.

சிவப்பு நண்டு

சியெர்வாவின் பால்யப் பருவத்தில் விமானம் புதிய அதிசயம். மாட்ரிட் நகரில் படித்துக்கொண்டிருந்த அவருக்கு அதே பைத்தியம் பிடித்த இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் பார்கலா, மற்றவர் தியாஸ். மூவரும் சேர்ந்து முதலில் பொம்மை விமானங்கள் செய்தார்கள். பிறகு ஆள் ஏறிப் பறக்கும் மிதவை விமானங்கள் செய்தார்கள்.

மொவே என்ற பிரெஞ்சு விமானியிடம் உடைந்துபோன விமானம் ஒன்று இருந்தது. அதன் எஞ்சினையும் பாகங்களையும் கொண்டு ஒரு புது விமானம் செய்து தருகிறோம் என்று இந்தப் பையன்கள் முன்வந்தார்கள். 1912-ல் அந்த விமானம் பறந்தது. மொவேயே அதை ஓட்டினார். சிவப்புச் சாயம் பூசியிருந்ததால் அதற்கு நண்டு என்று பெயர் வந்தது. ஸ்பெயினில் செய்யப்பட்டு நன்றாகப் பறந்த முதல் விமானம் அதுதான் என்று சொல்வார்கள். அப்போது சியெர்வாவுக்கு வயது 16.

பிறகு மாட்ரிட்டில் சாலை, கால்வாய், துறைமுகம் ஆகியவற்றைக் கட்டும் எஞ்சினீயர்களுக்கான கல்லூரியில் சேர்ந்தார். கடினமான படிப்பு. அங்கே கற்ற கணிதம் பின்னால் அவருக்குக் கை கொடுத்தது.

நொறுங்கிய கனவு

1919-ல் ராணுவம் ஒரு விமானப் போட்டி நடத்திற்று. சியெர்வா மூன்று எஞ்சின் கொண்ட பெரிய குண்டு வீச்சு விமானம் ஒன்றை அமைத்தார். ஒரு ராணுவ காப்டன் அதை ஓட்டினார். விமானம் அழகாகவே பறந்தது. ஆனால் தரைக்கு அருகில் தாழ்வாகத் திரும்பியபோது வேகம் குறைந்துவிட்டது. சிறகு தாங்கவில்லை. விமானம் சரிந்து விழுந்து நொறுங்கியது. காப்டன் உயிர் தப்பியதே பெரிது.

வேறொருவராக இருந்தால் விமானியின் மேல் குற்றம் சொல்லி, மற்றொரு விமானம் செய்யத் தொடங்கியிருப்பார். சியெர்வா வேறு விதமாக யோசித்தார். விமானம் முன்னோக்கி வேகமாகப் போனால்தான் சிறகு அதைத் தாங்கும்; வேகம் குறைந்தால் கைவிட்டுவிடும். வேகம் குறைவதோ தரையை நெருங்கும்போது. அதாவது, மனிதனுக்குச் சிறகு மிகவும் தேவைப்படும் சமயத்தில்தான் சிறகு காலை வாருகிறது! இந்தக் குறையைத் தீர்க்காதவரை விமானிகள் சாவது நிற்காது என்று அவர் கண்டார்.

விமானம் மெதுவாகப் போனாலும் சிறகு மட்டும் வேகமாகப் போகவேண்டும். அதற்கு வழி என்ன? சிறகைச் சுழலவிடுவதுதான்!

பனையோலைக் காற்றாடியை நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஓட ஓட அது தானே சுழலும். சியெர்வாவின் யந்திரமும் அப்படித்தான். முன்னால் எஞ்சினும் அதன் விசிறியும் விமானத்தை இழுத்துச் செல்லும். தலைக்கு மேலே இருந்த பெரிய விசிறிக்கு எஞ்சினோடு தொடர்பே கிடையாது. எதிர்க் காற்றில் அது தானே சுழலும். சுழன்று விமானத்தைத் தாங்கும்.

பிரம்பு சொன்ன பாடம்

யோசனை எளிது. செய்கையில் அது பெரும் பாடு படுத்திற்று. 1920-லிருந்து ஒன்றன் பின் ஒன்றாக மூன்று யந்திரங்களைக் கட்டினார். மூன்றும் சரியாகப் பறக்கவில்லை. தரையில் ஓடி எழும்பப் போகும் சமயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன.

காரணம் இதுதான். விமானம் முன்னே போகும்போது, மேல் விசிறியில் ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்துப் போகிறது. மறு பக்கத்து இறக்கை காற்றோடு பின்வாங்குகிறது. எதிர்த்துப் போகும் இறக்கை அதிகம் தூக்குகிறது. பின்வாங்கும் இறக்கை குறைவாகத் தூக்குகிறது. தராசில் ஒரு தட்டு ஏறி மற்றது தாழ்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

ஆனால் அவர் செய்த சிறிய பொம்மை மட்டும் கவிழாமல் பறந்தது. இது எப்படி? அவர் கூர்ந்து யோசித்தார். பொம்மையின் இறக்கைகளுக்குப் பிரம்பு வைத்திருந்தார். பிரம்பு வளையும். அதிகம் தூக்கிய இறக்கை வளைந்து மேலே போயிற்று. குறைவாகத் தூக்கியது தாழ்ந்தது. அதனால் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன. பெரிய யந்திரத்தின் இறக்கைகளோ விறைப்பாக இருந்தன.

சியெர்வா ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு கீல் வைத்தார். கதவுக்கு வைக்கிறோமே, அதே மாதிரிக் கீல்தான். இறக்கைகள் இஷ்டப்படி மேலும் கீழும் அசைந்தன. கவிழ்வது நின்றது.

எஞ்சின் நின்ற நாள்

1923 ஜனவரியில் மாட்ரிட்டுக்கு அருகே கெட்டாபே மைதானத்தில் நான்காவது யந்திரம் எழும்பியது. லெப்டினன்ட் ஸ்பென்ஸர் என்ற ராணுவ விமானி அதை ஓட்டினார். நன்றாகப் பறந்தது.

சில நாள் கழித்து மீண்டும் ஒரு சோதனை. யந்திரம் அப்போதுதான் எழும்பியிருந்தது. மூக்கு உயர்ந்திருந்தது, வேகமும் குறைவு. அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது! 1919-ல் பெரிய விமானம் நொறுங்கியதே, ஏறக்குறைய அதே நிலைமை. சாதாரண விமானமாக இருந்தால் அன்றே விமானியின் கதை முடிந்திருக்கும்.

அன்று யந்திரம் விழவில்லை. மேல் விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. யந்திரம் செங்குத்தாக, ஆனால் நிதானமாக இறங்கித் தரையில் நின்றது. விமானிக்கு ஒரு காயமும் இல்லை. சியெர்வா எதற்காக நாலு வருஷம் பாடுபட்டாரோ, அது அவர் ஏற்பாடு செய்யாமலே அன்று நிரூபணம் ஆகிவிட்டது. அந்த மாதக் கடைசியில் அதே யந்திரம் குவாத்ரோ வியெந்தோஸ் ராணுவ விமானத்தளத்தில் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தை வட்டமிட்டுப் பறந்து வந்தது.

கடல் கடந்த புகழ்

1925 அக்டோபரில் இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற இடத்தில் சர்க்கார் அதிகாரிகள் முன்னிலையில் ஆட்டோஜைரோ பறந்து காட்டியது. மறு வருஷமே வெயர் என்ற ஸ்காட்லாந்துத் தொழில் அதிபரின் ஆதரவில் அங்கே ஒரு கம்பெனி ஏற்பட்டது. சியெர்வா இங்கிலாந்தில் வேலை செய்யத் தொடங்கினார்.

1927-ல் ஒரு சோதனை விமானத்தின் இறக்கை வானத்திலேயே முறிந்தது. விமானி கர்ட்னி அடிபட்டு உயிர் பிழைத்தார். மேலும் கீழும் அசைய வழி செய்திருந்த சியெர்வா, இறக்கைகள் முன்னும் பின்னும் ஆட வழி செய்யவில்லை. அந்த இழுப்பில் உலோகம் களைத்து முறிந்தது. உடனே அதற்கும் ஒரு கீல் வைத்தார். தவறு தெரிந்த இடத்தில் திருத்துவது அவர் வழக்கம்.

அதே வருஷம் அவரே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1928 செப்டம்பர் 18-ந் தேதி லண்டனுக்கு அருகே உள்ள க்ராய்டனிலிருந்து புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பாரிஸ் நகரத்து லெ பூர்ஜே விமானத்தளத்தில் இறங்கினார். சுழலும் சிறகுள்ள விமானம் ஒன்று கால்வாயைக் கடந்தது அதுவே முதல் முறை. அமெரிக்காவில் பிட்கேர்ன் என்பவர் உரிமை வாங்கி ஆட்டோஜைரோக்கள் செய்தார். 1932-ல் சியெர்வாவுக்கு அமெரிக்காவின் குகன்ஹைம் பதக்கம் கிடைத்தது.

1934 மார்ச் 7-ந் தேதி, வாலென்சியாத் துறைமுகத்துக்கு அருகே நின்ற டெடாலோ என்ற ஸ்பெயின் போர்க்கப்பலின் மேல்தளத்தில் தாமே ஆட்டோஜைரோவை இறக்கினார். பின்பு அங்கிருந்தே கிளம்பிப் பறந்தார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் விமானப்படை 12 ஆட்டோஜைரோக்களை வாங்கிற்று. ரோட்டா என்று பெயரிட்டு, ஓல்ட் சாரம் ராணுவ ஒத்துழைப்புப் பள்ளியில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. விசிறியை நம்பித் தரை இறங்கும் பாடம் ராணுவப் பள்ளிக்குள் நுழைந்தது அப்போதுதான்.

உள்நாட்டுப் போர்

1936 ஜூலையில் ஸ்பெயினில் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகத் தளபதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கானரித் தீவுகளில் இருந்த தளபதி பிராங்கோவை மொராக்கோவுக்கு ரகசியமாகக் கொண்டுசெல்ல ஒரு விமானம் தேவைப்பட்டது. லண்டனில் இருந்த ஒரு பத்திரிகை நிருபர் சியெர்வாவை அணுகினார். எந்த விமானம் தோதானது, எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று யோசனை சொல்லி உதவியவர் சியெர்வாதான். க்ராய்டனிலிருந்து அந்த விமானம் கிளம்பிற்று.

தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பிராங்கோவின் சர்வாதிகாரம் 1975 வரை நீடித்தது. சியெர்வாவின் குடும்பத்தையும் போர் விடவில்லை. அவர் தம்பி ரிகார்டோவை, மாட்ரிட்டில் எதிர்த் தரப்பினர் 1936 நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள்.

விமானிகளின் உயிரைக் காக்க அரும்பாடு பட்டவர், ஒரு சர்வாதிகாரம் எழுவதற்கும் கை கொடுத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. முர்சியா விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கலாமா என்பது அண்மைக்காலத்திலும் ஸ்பெயினில் பெரிய சர்ச்சையாக எழுந்தது.

மூடுபனியில் முடிவு

1936 டிசம்பர் 9. க்ராய்டன் விமானத்தளத்தைக் கடும் மூடுபனி மூடியிருந்தது. ஆம்ஸ்டர்டாம் போகும் டச்சுக் கம்பெனி விமானத்தில் சியெர்வா ஏறினார். சாதாரணச் சிறகு விமானம்தான் அது. கிளம்பிய சற்று நேரத்தில் பாதை விலகி, அருகில் இருந்த வீடுகளின் மேல் மோதி எரிந்தது. விமானத்தில் இருந்த 17 பேரில் 15 பேர் மாண்டார்கள். ஸ்வீடன் தேசத்து முன்னாள் பிரதம மந்திரி லிண்ட்மன் அவர்களில் ஒருவர். சியெர்வாவும் ஒருவர்.

தாழ்வாக மெதுவாகப் பறக்கும்போது விமானம் விழாமல் இருக்க வழி தேடியவர், எழும்பிய சில நிமிஷத்திலேயே விழுந்த விமானத்தில் மாண்டார். விதியின் விளையாட்டு என்று உலகம் வருந்தியது.

ஹெலிகாப்டருக்குப் போன சொத்து

எஞ்சினால் விசிறியைச் சுற்றும் ஹெலிகாப்டர் சிக்கலானது, ஆட்டோஜைரோவே எளியது என்பது சியெர்வாவின் எண்ணம். காலம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. ஆட்டோஜைரோவால் அந்தரத்தில் அசையாமல் நிற்க முடியாது. ஹெலிகாப்டரால் முடியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹெலிகாப்டர் வென்றது. இப்போது ஆட்டோஜைரோவைப் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகவே ஓட்டுகிறார்கள்.

ஆனால் வென்ற ஹெலிகாப்டரின் உயிர்நாடி சியெர்வாவுடையது. ஜெர்மனியில் ஆட்டோஜைரோ செய்ய உரிமை வாங்கியிருந்தவர் போக்கே. அவர் கட்டிய ஹெலிகாப்டரை 1937 மே 10-ந் தேதி ரோல்ப்ஸ் என்ற விமானி மேலே கொண்டுபோய், எஞ்சினை நிறுத்திவிட்டு, பத்திரமாக இறக்கிக் காட்டினார். ஹெலிகாப்டர் ஒன்று எஞ்சின் இல்லாமல் இறங்கியது அதுவே முதல் முறை. சியெர்வா மாண்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அரக்கோணத்தில் நடக்கும் பாடம்

இந்திய விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டர் 1954-ல் வந்தது. தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத்தளத்தை 1992 மார்ச் 11-ந் தேதி அன்றைய ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

எஞ்சின் இல்லாமல் இறங்கும் பாடம் எந்தப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதலில் சொல்லிவிட்டு எஞ்சின் விசையைக் குறைப்பார். மாணவர் தேறிய பின் சொல்லாமலே குறைப்பார்.

விமானியின் இடது கைப்பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கினால் ஹெலிகாப்டர் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். எஞ்சின் நின்றதும் மனம் என்ன சொல்லும்? விழுகிறோமே, தூக்கு, தூக்கு என்று பதறும். அப்படித் தூக்கினால் விசிறியின் வேகம் செத்துவிடும். பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது. செய்யவேண்டியது நேர் எதிர். ஓரிரு விநாடிக்குள் நெம்புகோலைத் தாழ்த்திவிட வேண்டும். உயரத்தை இழக்கத் துணிய வேண்டும். அப்போது கீழிருந்து மேலே பாயும் காற்று விசிறியைச் சுற்றத் தொடங்கும். நின்றுபோன எஞ்சின் அதைத் தடுக்காதபடி தானாகக் கழன்றுகொள்ளும் ஏற்பாடு உண்டு. அந்தக் கணத்தில் ஹெலிகாப்டர் ஓர் ஆட்டோஜைரோ ஆகிவிடுகிறது!

தரை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசியில், தரைக்குச் சற்று மேலே, நெம்புகோலைத் தூக்க வேண்டும். சுழலும் விசிறியில் சேர்த்துவைத்த விசை முழுவதும் அந்த ஒரு தூக்கில் செலவாகி, ஹெலிகாப்டரை மெத்தென்று இறக்கும். மறு வாய்ப்புக் கிடையாது. முன்னால் தூக்கினால் அந்தரத்திலிருந்து விழும். பின்னால் தூக்கினால் மோதும். அதனால்தான் கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். மிகத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது எஞ்சின் நின்றால் இதற்கு நேரமே இருக்காது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மலையில் இந்தப் பாடம் இன்னும் கடினம். கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் ஹெலிகாப்டர் வேகமாக இறங்கும். சமதரை அரிது. பள்ளத்தாக்கின் காற்று ஒரு கணம் தூக்கும். மறு கணம் அமுக்கும். 2018 மார்ச்சில் பழனி மலைக்குத் தெற்கே போடி மலைப் பக்கம் குரங்கணியில் காட்டுத் தீ மூண்டபோது, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்பு வேலைக்கு வந்தன. புகையும் சரிவும் நிறைந்த அத்தகைய இடத்துக்குப் போகிற விமானி, எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்று ஒவ்வொரு நிமிஷமும் கண்ணால் தேடிக்கொண்டே பறக்கவேண்டும்.

இந்த வித்தை எல்லா ஆபத்துக்கும் மருந்து அல்ல. 2021 டிசம்பர் 8-ந் தேதி குன்னூர் அருகே முப்படைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோரைப் பலி கொண்ட விபத்தில் யந்திரக் கோளாறு எதுவும் இல்லை. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியது என்று விமானப்படையின் விசாரணையில் தெரியவந்தது. சியெர்வாவின் உயிரைக் குடித்ததும் எஞ்சின் கோளாறு அல்ல, மூடுபனிதான்.

ஆயினும் எஞ்சின் நின்றால் சாவுதான் என்ற பயத்தை அவர் போக்கினார். இன்று அரக்கோணத்தில் பயிற்சி பெறும் இளைஞர் சியெர்வாவின் பெயரைக் கேள்விப்படாமலே இருக்கலாம். ஆனால் ஆசிரியர் எஞ்சின் விசையைக் குறைத்ததும் அவருடைய இடது கை பதறாமல் கீழே போகிறதே, அந்தப் பழக்கத்தின் ஆணிவேர் கெட்டாபே மைதானத்தில் இருக்கிறது.